ஈரலில் விழுந்த வெள்ளைப் பொட்டு

சண்முகவள்ளி என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவள் ஊரில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. திருவாடானையிலிருந்து கண்மாய்க்கரையை ஒட்டி உள்ளே போகிற பாதையில், மிளகாயும் மானாவாரி நெல்லும் விளைகிற சின்ன ஊர் அது. "மெட்ராஸ்ல ஸ்கேன் மிசின் செய்யிறா" என்று பெருமையாகச் சொல்வார்கள் சிலர். "அதெல்லாம் இல்லப்பா, ஆட்டு ஈரலை வாங்கி மிசின்ல வச்சுச் சுடுறாளாம், அதுக்கு மாசச் சம்பளமாம்" என்பார்கள் கேலிக்காரர்கள். கேலி செய்தவர்கள்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

அவள் செய்தது ஒரு கருவி. கட்டைவிரல் கனத்தில் ஒரு குழல். அதன் நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் குழிவான ஒரு பீங்கான். மின்சாரம் கொடுத்தால் பீங்கான் துடிக்கும். துடித்தால் காதுக்கு எட்டாத ஒலி கிளம்பும். பீங்கான் குழிவாக இருப்பதால் அந்த ஒலி அத்தனையும் இரண்டு விரற்கடை தள்ளி ஒரே புள்ளியில் போய்க் கூடும். சின்ன வயதில் பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துப் பஞ்சைக் கொளுத்தாதவர்கள் யார்? அதே சங்கதிதான். ஒலி கூடுகிற இடத்தில் மட்டும் சதை வெந்துபோகும், நடுவில் இருக்கிற சதைக்கு ஒன்றும் ஆகாது. கருப்பையில் கட்டி இருக்கிற பெண்ணுக்கு வயிற்றைக் கிழிக்காமல், பிள்ளை வரும் வழியாகவே குழலைச் செலுத்தி, கட்டியை மட்டும் வேகவைத்துவிட்டு வெளியே எடுத்துவிடலாம். கருப்பை இருந்த இடத்தில் இருக்கும். சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! இதற்காக அவள் ஆயுசில் நல்ல பகுதி அத்தனையும் போயிற்று.

கத்தி என்றால் அந்த வீட்டில் எல்லோருக்கும் குலைநடுக்கம். காரணம் அவளுடைய அம்மா மீனம்மாள். மிளகாய்க் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த மனுஷி, வருடக்கணக்காக உதிரப்போக்கை யாரிடமும் சொல்லாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தாள். நனைந்த துணிகளைக் கண்மாயின் ஆளில்லாத மூலையில் அலசி, கருவேல மரத்தில் போட்டு, மேலே ஒரு பழஞ்சேலையை மூடிக் காயவைப்பாள். அந்தச் சேலைக்கு அடியில் என்ன காய்கிறது என்று ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆனால் ஒருத்தியும் கேட்கமாட்டாள், அவரவர் சேலைக்கு அடியிலும் அதே கதைதான். கடைசியில் எண்பத்து மூன்றாம் வருடம் மயங்கி விழுந்தபிறகு ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கர்ப்பப்பையை எடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். காலையில் தன் காலால் நடந்து உள்ளே போனவளைச் சாயங்காலம் வெள்ளைத்துணி போர்த்தி வெளியே கொடுத்தார்கள். "கத்திய வச்சாக, ரத்தம் நிக்கல" என்றார் கணவர் கூத்தையா. அதற்குமேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது, சொன்னவர்களும் அதற்குமேல் சொல்லவில்லை.

அப்போது மூத்தவள் பூமயிலுக்கு இருபது வயது. சின்னவள் வள்ளிக்குப் பதினைந்து. அன்றைக்கே அவள் ஏதோ சபதம் எடுத்துக்கொண்டாள் என்றெல்லாம் கதை கட்ட வேண்டாம். பூமயில் அடுப்படியையும் அய்யாவையும் கவனித்துக்கொண்டதால் சின்னவளுக்குப் படிக்க நேரம் கிடைத்தது, படித்தாள். கருவிப் பொறியியலில் இடம் கிடைத்தது, சேர்ந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய அன்று பூமயில்தான் பஸ் ஏற்றிவிட்டாள். "நீ படி, நான் இங்கன பாத்துக்கிறேன்" என்று சொன்னவள், அடுத்த வருடம் உள்ளூர் செல்லச்சாமிக்குக் கழுத்தை நீட்டினாள்.

படிப்பு முடிந்து ஸ்கேன் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் வள்ளி ஊர் ஊராகச் சுற்றினாள். எந்திரத்தைச் சரிசெய்து சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் திரையில் தெரிந்தது அம்மா வயதுப் பெண்களின் வயிறுதான். கட்டி, கட்டி, கட்டி. பக்கத்தில் நிற்கிற டாக்டர் வாயிலிருந்து ஒரே வார்த்தைதான் வரும், எடுத்துடலாம். வீட்டுக்கு வேண்டாத பழைய பானையை எடுத்துத் தெருவில் வைக்கிற மாதிரி சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்கு வயிறு எரிந்தது. தொண்ணூற்று எட்டில் சென்னையில் ஓர் ஆய்வு மையம் இந்தச் சின்னக் கருவியைச் செய்ய ஆள் தேடியபோது, பாதிச் சம்பளத்துக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் "இது முடியட்டும்" என்றாள். அது முடியவே இல்லை, பேச்சு எடுத்தவர்கள்தான் முடித்துக்கொண்டு போனார்கள்.

ஆய்வுக்கூடத்துக்குப் பின்சந்தில் கபீர் என்று அவள் ஊர்ப்பக்கத்துத் தொண்டிக்காரர் ஒருவர் கறிக்கடை வைத்திருந்தார். நல்ல ஈரலாகப் பார்த்து அவளுக்கென்று எடுத்துவைப்பார்.

"என்னத்தா, தெனமும் ஈரலு! வீட்டுல எத்தனை பேருக்கு ரத்தம் பத்தல?"

"எனக்குத் திங்கிறதுக்கு இல்ல பாய். சுட்டுப் பாக்குறதுக்கு."

"யா அல்லா! நம்ம ஊருப் பிள்ளை இம்புட்டுப் படிச்சும் ஈரலத்தான் சுடுதா?" என்று சிரிப்பார்.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீருக்குள் ஈரலை முக்கிவைத்து, குழலை அதன்மேல் காட்டி, சற்று நேரம் விட்டு எடுத்து அறுத்துப் பார்ப்பாள். மேல்தோல் அப்படியே இருக்கும். உள்ளே செக்கச்சிவந்த சதைக்கு நடுவில் ஓர் அரிசியளவு வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டை முதல்முதலாகப் பார்த்த அன்று, பக்கத்தில் ஆள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். சில நாள் ஈரலுக்குப் பதில் கடற்பாசியைக் காய்ச்சிச் சதை மாதிரி உறையவைத்துச் சோதிப்பதும் உண்டு. ஊருக்கு வரும்போது கடற்கரை ஊரான மண்டபம் வரை போய் நல்ல பாசியாக வாங்கிவருவாள். நாளெல்லாம் உப்புத்தண்ணீரில் முங்கிப் பாறையில் பாசி பறிக்கிற பெண்கள், கைவிரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபடி, "நோன்புக்குக் கடற்பாசி காய்ச்சவா வாங்குறீக?" என்று கேட்பார்கள். எதற்கென்று சொன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் எத்தனை பேர் வயிற்றில் என்ன இருந்ததோ, யார் கண்டது.

இரண்டாயிரத்து ஒன்றில் பூமயிலிடமிருந்து போன் வந்தது. செல்லச்சாமிக்கு அவள் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருடமாகியும் மடி நிறையவில்லை. இப்போது உதிரப்போக்கும் சேர்ந்துகொண்டது. ஸ்கேன் எடுத்ததில் கருப்பையில் மூன்று கட்டி. "எடுத்துரச் சொல்றாகடி" என்றாள் பூமயில். குரலில் அழுகை இல்லை, பயம் இருந்தது. "எடுத்துட்டா அப்பறம் நான் எதுக்கு இந்த வீட்ல? மாமியா இப்பவே வேற பொண்ணு பாக்குது."

வள்ளி அன்றைக்கே பஸ் ஏறினாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுக்க விடாதக்கா. நான் செய்யிறனே மிசினு, அது உனக்குத்தான். கட்டி மட்டும் போகும், பை இருக்கும். புள்ளையும் பெத்துக்கலாம். கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறு" என்றாள். சொல்லும்போது அவள் அதை முழுசாக நம்பினாள், வஞ்சகம் இல்லை. நம்பிக்கைதான் அவர்களைக் கெடுத்தது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த மாசியில், குலசாமிக்குக் கடா வெட்டிக் கும்பிடுகிற களரித் திருவிழாவில், கருப்பர் சன்னதியில் போய் நின்றாள். அவர்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடா நேர்ந்துவிடுகிறவர் மனசுக்குள் முணுமுணுத்துவிட்டுப் போக முடியாது. கூடியிருக்கிற பங்காளிகள் காதில் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன சொல்லுக்குச் சாமியும் சாட்சி, சனமும் சாட்சி. பொறியியல் படித்தவள், பீங்கானில் ஒலியைக் குவிக்கிறவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்.

"கருப்பய்யா, எங்க அக்கா மேல கத்தி படக்கூடாது. எங்க ஆத்தாளுக்கு ஆனது அவளுக்கு ஆகக்கூடாது. கத்தி படாம அவ குணமானா இந்தக் கடா உனக்கு."

அய்யா வளர்த்த கருங்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பூசாரி உக்கிரபாண்டி அதன் முதுகில் மஞ்சள்தண்ணீரைத் தெளித்தார். குட்டி உடம்பை உதறிக் குலுக்கியது. குலுக்கினால் சாமி ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். பெண்கள் குலவை போட்டார்கள். பூமயில் குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பிள்ளை இல்லாத இடுப்பு, அதை நன்றாகத்தான் தாங்கியது.

சென்னையில் வேலை தலைக்குமேல் கிடந்தது. பெரிய எந்திரமென்றால் சிக்கல் குறைவு, இது சின்னது. சின்னதுக்குள் அவ்வளவு சக்தியைச் செலுத்தினால் பீங்கானே சூடேறி வெடிக்கும். அதைக் குளிரவைக்கக் குழலுக்குள் தண்ணீரை ஓடவிட்டாள். தண்ணீர் ஓடினால் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழ் வரும். குமிழில் பட்டால் ஒலி போக வேண்டிய இடத்துக்குப் போகாது, வழியிலேயே சுட்டுவிடும். ஈரலென்றால் தூக்கிப் போட்டுவிடலாம். மனுஷி வயிற்றுக்குள் வழியில் இருப்பது குடலும் மூத்திரப்பையும்.

இரண்டாயிரத்து ஐந்தில் முதன்முதலாகச் சில பெண்களுக்குச் செய்துபார்க்க அனுமதி கிடைக்கும் நேரம் வந்தது. அந்தச் சில பேரில் பூமயில் பெயரும் இருந்தது. கடைசிச் சோதனை முடிவுகளை அனுப்பினால் போதும். அந்தக் கடைசிச் சோதனையில் பெரும்பாலான ஈரலில் பொட்டு சரியாக விழுந்தது. நாலைந்தில் மட்டும் வழியிலேயே சுட்டிருந்தது.

மையத்தின் இயக்குநர் நல்ல மனிதர்தான், அவசரக்காரர். "இந்த நாலைந்தை விட்டுடுங்க வள்ளி. மத்ததை மட்டும் அனுப்பலாம். எல்லாரும் செய்யறதுதான்."

"விட முடியாது சார். ஒரு வருஷம் குடுங்க, சரி பண்ணிடுறேன்."

"ஒரு வருஷத்துல என்னவெல்லாம் மாறும்னு உங்களுக்குத் தெரியாது."

"சார், இதை எங்க அக்கா வயித்துல வைக்கப்போறேன்."

அவர் முடிவுத்தாள்களை அவள் பக்கமே திருப்பித் தள்ளினார். அளந்ததை அளந்தபடி எழுதுகிற புத்தி அவளுக்கு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்த ஒரு வருடத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து, தண்ணீர் ஓடும் வழியைச் சாய்த்து, குமிழ் தங்காதபடி செய்துவிட்டாள். அதன்பிறகு அறுத்த ஒவ்வோர் ஈரலிலும் வெள்ளைப் பொட்டு வைத்த இடத்தில் இருந்தது. அவள் சாதித்துவிட்டாள். அதைச் சொல்ல இயக்குநர் அறைக்குப் போனபோது, அங்கே கோட்டுப் போட்ட வெளிநாட்டு ஆட்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். திட்டத்தை அவர்களுடைய நிறுவனம் வாங்கியிருந்தது.

அவர்கள் கருவியைப் பாராட்டினார்கள். குழிவைக் கொஞ்சம் மாற்றி, இரண்டு விரற்கடை ஆழத்தில் குவிகிற ஒலியைத் தோலுக்குச் சற்று கீழே குவிக்க முடியுமா என்று கேட்டார்கள். எதற்கென்றால், வயதான முகத்தில் தொங்குகிற தோலை இறுக்குவதற்காம். கருப்பைக் கட்டி என்ன ஆயிற்று என்று வள்ளி கேட்டாள். இயக்குநர் அவளைத் தனியே கூட்டிப்போய், "பட்டிக்காட்டுப் பொம்பளைங்க கட்டிக்கு எந்தக் கம்பெனி முதல் போடும், சொல்லுங்க. போன வருஷமே பேஷன்ட்டுக்குச் செஞ்சு காட்டியிருந்தா இதை நிறுத்தியிருக்கவே முடியாது. நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளை அறுத்தது.

வேலையை உதறினாளா என்று கேட்பீர்கள். உதறவில்லை. வேறென்ன தெரியும் அவளுக்கு? வாயை மூடிக்கொண்டு முகத்துக்கான கருவியை வரைய உட்கார்ந்தாள். எண்ணி எண்ணிச் செய்த குழிவைத் தன் கையாலேயே அழித்தாள்.

பிறகு ஊருக்குப் போனாள். இனிக் காத்திருக்க ஒன்றுமில்லை, அக்காவை மதுரைக்குக் கூட்டிப்போய் நல்ல ஆஸ்பத்திரியில் கருப்பையை எடுத்துவிட வேண்டும், உயிராவது மிஞ்சட்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

பூமயில் ஆளே மாறியிருந்தாள். நாக்கும் நகமும் வெளுத்து, முகம் ஊதி, நாலு எட்டு நடந்தால் மூச்சிரைத்தது. ரத்தமில்லாத உடம்பு கேட்கிறதென்று அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் கடா படுத்திருந்தது. ஊரில் யார் பயிரில் வாய் வைத்தாலும் சாமி கடாவை ஒருவரும் அடிக்கமாட்டார்கள், அதனால் நன்றாகக் கொழுத்திருந்தது.

"மிசினு இல்லன்னு ஆகிப்போச்சுக்கா. என்னைய மன்னிச்சுரு. வா, மதுரைக்குப் போவோம். இப்ப எல்லாம் அம்மா காலம் மாதிரி இல்ல. நல்ல டாக்டருக இருக்காக."

பூமயில் தலையை ஆட்டினாள். "வேணாம்டி."

"புள்ளைக்காகவா? இனிமே என்னக்கா புள்ள?"

"புள்ள ஆச எப்பவோ போயிருச்சு." பூமயில் கடாவின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள். "கத்தி படக்கூடாதுன்னு கருப்பர்கிட்ட சனம் பூராக் கேக்கச் சொன்னவ நீ. நானே போயி கத்திக்குக் கீழ படுத்தா சொன்ன சொல்லு என்னாகும்? நேந்தது நீயில்ல? குத்தம் ஓந்தலைக்குத்தான்டி வரும். ஆத்தாளும் போயிட்டா. உன்னையும் குடுக்கச் சொல்றியா?"

அக்கா தனக்காகப் பயப்படுகிறாள், தனக்காகவே சாகவும் தயாராக இருக்கிறாள் என்று புரிந்தபோது வள்ளிக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தாள். சனத்துக்கு நடுவில் நின்று கத்தியவளே அவள்தானே, எந்த வாயால் சொல்வாள்?

பூசாரி உக்கிரபாண்டியிடம் ஓடினாள். அவளுக்குச் சித்தப்பா முறை. "சொல்ல மாத்திக்க வழியே இல்லையா சித்தப்பு?"

"ஏன் இல்ல? பூக் கட்டிப் பாரு ஆத்தா. வெள்ள வந்தா சாமி சம்மதம், கத்தி படலாம், ஒரு குத்தமும் இல்ல. செவப்பு வந்தா விட்டுரணும். நேந்தவதான் பூவக் கட்டணும். யாருக்காக நேந்தியோ அவ எடுக்கணும். ஒரு தடவைதான்."

பூமயிலும் அதற்குச் சரி என்றாள். வெள்ளை வந்தால் மறுபேச்சில்லாமல் மதுரைக்கு வருவதாகச் சொன்னாள்.

கோயிலுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து வள்ளி பூவைக் கட்டினாள். ஒரு வேப்பங்கொத்துக்குள் நந்தியாவட்டை, இன்னொன்றுக்குள் செவ்வரளி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நந்தியாவட்டைச் செடி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. இரண்டிலும் வெள்ளையை வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? எடுக்காத பொட்டலத்தைக் கண்மாயில் போட்டுவிடுவதுதான் வழக்கம். செவ்வரளியை எடுத்துக் கீழே போட்டாள். நந்தியாவட்டையைப் பறித்தாள். உள்ளே வைக்கக் கை வரவில்லை.

பயமா, பக்தியா, அளவில் கை வைக்காத பழைய கர்வமா, இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கீழே கிடந்த செவ்வரளியை எடுத்துத் துடைத்து மறுபடியும் கட்டினாள். ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவை நூறு தடவை எடுத்தபிறகுதான் நம்புவாள். அக்காவின் உயிரை ஒரே தடவைக்கு ஒப்படைத்தாள்.

பூமயில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். உக்கிரபாண்டி பிரித்தார். சிவப்பு.

"விடுடி" என்றாள் பூமயில். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. தங்கச்சிக்கு இனி ஒன்றும் ஆகாது என்ற நிம்மதி. வள்ளி அந்த முகத்தைப் பார்க்கமாட்டாமல் திரும்பிக்கொண்டாள். இரண்டு வெள்ளையைக் கட்டியிருக்கலாம். அந்த நாலைந்து ஈரலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கலாம். ஒரு பொய், எங்கேயாவது ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும்.

அதன்பிறகு மாத்திரையும் மருந்துமாக ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினாள் பூமயில். இரண்டாயிரத்து எட்டு ஐப்பசியில், நெல்வயலில் நின்றுகொண்டிருந்தவள் வரப்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம் நனைந்தது. தூக்கி வேனில் போட்டுக்கொண்டு ராமநாதபுரத்துக்கு விரட்டினார்கள். பாதி வழியிலேயே அடங்கிவிட்டது. அன்று வள்ளி சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில், வந்திருந்த விருந்தாளிகளுக்கு முகம் இறுக்கும் கருவியை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். கைதட்டல் ஓய்ந்தபிறகுதான் செல்லைப் பார்த்தாள்.

தை மாதம் செல்லச்சாமி கருத்தம்மாள் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். அவரைக் குறை சொல்ல வள்ளிக்கு மனமில்லை. பெற்றவள் நச்சரித்தும் பூமயில் இருந்தவரை அவர் வேறொருத்தியைத் தேடவில்லை, அதுவே பெரிது. ஆனால் மாசி நெருங்கியதும் அவரே போன் செய்தார்.

"வள்ளி, களரி வருது. கடா அப்படியே நிக்கிது. பூசாரி சொல்லச் சொன்னாரு."

"அவதான் போயிட்டாளே மச்சான். இன்னும் எதுக்குக் கடா?"

"நேந்துவிட்டது சாமியோடதாம்ல. மனுசன் இருந்தாலும் போனாலும் குடுத்துறணுமாம். கருமாதி முடிஞ்சு மாசமாச்சு, தீட்டுமில்லைன்னுட்டாரு. நேந்தவ நீ வந்து நிக்கணும்."

சென்னையில் பஸ் ஏறும் இடத்துக்கு எதிரே ஒரு பெரிய விளம்பரப் பலகை. சுருக்கமே இல்லாத முகத்தோடு, ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கத்தியில்லை, வலியில்லை, ஒரே மணி நேரத்தில் இளமை என்று எழுதியிருந்தது. அது வள்ளியின் கையில் வளர்ந்த பீங்கான்தான். பஸ் கிளம்பும்வரை வள்ளி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனபோது அக்காவுக்கு அந்த வயதுகூட ஆகவில்லை.

களரியன்று கோயில் திடல் சனத்தால் நிரம்பியிருந்தது. அய்யா கூத்தையா கடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபதைத் தாண்டிய மனிதர், பெண்டாட்டியையும் மகளையும் ஒரே நோய்க்குக் கொடுத்துவிட்டு, கடாவுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். உக்கிரபாண்டி மஞ்சள்தண்ணீரைத் தெளித்தார். குலுக்காமல் நிற்கட்டும், நிற்கட்டும் என்று வள்ளி பல்லைக் கடித்தாள். முதல் தண்ணீர் பட்டதுமே கடா தலை முதல் வால் வரை குலுக்கியது. குலவைச் சத்தம் திடலை நிறைத்தது, அரிவாள் இறங்கியது.

செல்லச்சாமி பக்கத்தில் வந்து, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். "ஒண்ணு மட்டும் நெனச்சுப் பாரு வள்ளி. நீ கேட்டபடி கடைசிவரைக்கும் அவ மேல கத்தி படவே இல்ல. அந்த மட்டுக்கும் சாமி காப்பாத்திருச்சு." சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. மனதாரத்தான் சொன்னார். அவள் அரிவாள் இறங்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடாவை உரித்ததும் ஈரலைத் தனியே எடுத்து ஓர் இலையில் வைத்து அவள் கையில் கொடுத்தார்கள். நேர்ந்தவள்தான் அதைத் தணலில் சுட்டுச் சாமிக்குக் காட்ட வேண்டும். ஈரல் இன்னும் சூடாக இருந்தது. பழக்கதோஷத்தில் விரலால் அழுத்தி, திருப்பிப் பார்த்தாள். குற்றம் சொல்ல முடியாத ஈரல்.

"கருக்கிறாத ஆத்தா, பதமாச் சுடு" என்றார் அய்யா.

"அவளுக்கா சொல்லிக்குடுக்கணும்? அவ பொழப்பே அதுதான" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

வள்ளி தணலுக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து சுட்டாள். அவசரப்படவில்லை. எந்த நேரத்தில் சதை வெளுக்கும், எந்த நேரத்தில் கருகும் என்று அந்தத் திடலில் அவளைப்போல் அறிந்தவர் யாருமில்லை. சாமிக்குக் காட்டிமுடித்ததும் உக்கிரபாண்டி அதை இரண்டாக அறுத்தார். ஒரு பாதி நேர்ந்தவளுக்கு. மறுபாதி யாருக்காக நேர்ந்ததோ அவளுக்கு. அவர் கை ஒரு கணம் தயங்கியது. அப்புறம், "பூமயில் எடத்துல இப்ப யாரு இருக்கா, அவளுக்குக் குடு. புள்ள உண்டாகட்டும்" என்றார்.

வள்ளி எழுந்துபோய் அந்தப் பாதியைக் கருத்தம்மாளின் இலையில் வைத்தாள். இருபது வயதுகூட ஆகாத பெண், வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டது. பிறகு அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது.

"நல்லா வெந்துருக்குக்கா" என்றது.